எருமைத் தோலில் ஒரு முதுகு

1

பம்பாயின் நவீன சிற்பிகளைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பு என்று நம் பத்திரிகை ஆசிரியர் கார்டு போட்டிருக்கிறார். உருவத்தை எப்படிப் பார்க்கிறார்கள், எந்தப் பொருளை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதெல்லாம் விவரமாக இருக்கட்டும் என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘வம்பு வேண்டாம்’ என்று எச்சரிக்கை வேறு. நான் இந்த ஊருக்கு வந்து இந்த வாரத்தோடு மூன்று வருஷம். ஓடுகிற ரயிலில் தொற்றவும், கண்ணை மூடிக்கொண்டு டைப் அடிக்கவும் நன்றாகக் கற்றுக்கொண்டேன். சிற்பமும் பார்த்தேன். பார்த்ததில் முக்கால்வாசி குமட்டல். வம்பு இல்லாமல் எழுத எனக்கு வராது. ஆசிரியர் வெட்டுகிற இடத்தில் வெட்டிக்கொள்ளட்டும்.

முதலில், கிர்காம் வட்டாரத்து மாஸ்டர் ஒருவர். பேரைச் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த தடவை வாசலிலேயே நிறுத்திவிடுவார். பம்பாயில் செத்துப்போன சேட்டுகளில் பாதிப்பேருக்கு மார்பளவுச் சிலை செய்தவர் அவர். பட்டறைக்குள் நுழைந்தால் தலையில்லாத உடம்புகள் வரிசையாக நிற்கின்றன. கோட்டுப் போட்ட உடம்பு, கோட்டுக்கு மேல் அங்கவஸ்திரம் போட்ட உடம்பு, பொத்தான் போட்ட கழுத்து, பொத்தான் இல்லாத கழுத்து. குடும்பத்தார் போட்டோவோடு வருகிறார்கள். மாஸ்டர் தலையை மட்டும் களிமண்ணில் பிடித்து, அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, தயாராக நிற்கிற ஏதோ ஓர் உடம்பில் ஒட்டுகிறார். பிறகு பழுப்பும் பச்சையுமாக ஒரு வர்ணம். வெண்கலமாம்! சண்டையில் உலோகமெல்லாம் பீரங்கிக்குப் போய்விட்டது, சண்டை ஓய்ந்து வருஷமாகியும் வெண்கலம் வாங்கப் பர்மிட்டுக்கு நாயாய் அலைய வேண்டியிருக்கிறது, அது நிஜம்தான். அதற்காக? ஒரு சேட்டின் காதுக்குப் பின்னால் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன். உள்ளே பல்பொடி மாதிரி வெள்ளை. மாஸ்டர் பார்த்துவிட்டார்.

“அரே மதராஸி, ஹாத் மத் லகா!”

கையை எடுத்தேன். தொட்டால் உண்மை வெளியே வருகிற சிலைக்கு ‘தொடாதே’ என்றுதான் சொல்வார்கள்.

தாதரில் இன்னொருவர் சிமெண்டில் செய்கிறார். கம்பியை வளைத்துக் கட்டி, சாக்குத் துணியைச் சுற்றி, மேலே சிமெண்டைப் பூசி, காயுமுன் கரண்டியால் இழைக்கிற ரகம். குடம் ஏந்திய பெண்கள், குடத்திலிருந்து தண்ணீர் கொட்டும், பங்களாத் தோட்டங்களுக்கு. எல்லாப் பெண்களுக்கும் ஒரே இடுப்பு. “உருவம் எங்கிருந்து வருது உங்களுக்கு?” என்று என் ஓட்டை ஹிந்தியில் கேட்டேன். “தோட்டத்துச் சொந்தக்காரர்கிட்டேயிருந்து” என்றார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது அந்த ஒரு பதில்தான்.

2

மூன்றாமவர்தான் பெரிய ஆள். எல்லாரும் ப்ரொபசர் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். ஐரோப்பாவில் படித்துவிட்டுச் சண்டைக்கு முன் திரும்பி வந்தவர். களிமண் கிடையாது, அச்சு கிடையாது, நேரே கல்லில் உளி. மூக்கு, காது போன்ற சில்லறை விஷயங்களுக்கு அவரிடம் இடமில்லை. உருண்ட கருங்கல்லில் ஒரு பள்ளம், ஒரு மேடு. கீழே ‘தாய்’ என்று எழுதியிருக்கும்.

சிரிக்காதீர்கள். நான் சிரிக்கவில்லை. கோட்டைப் பக்கம் ஒரு ஹாலில் அவர் பேசியதை ஆபீஸ் விட்டுப் போய்க் கேட்டேன். அசந்துவிட்டேன். கல் கல்லாக இருக்க வேண்டும், மரம் மரமாக இருக்க வேண்டும், ஒன்றை இன்னொன்றாக வேஷம் கட்டுவது சிற்பத்தில் முதல் அயோக்கியத்தனம் என்றார். பொருளுக்கு ஒரு குணம் உண்டாம். அது எங்கே வளையும், எங்கே முரண்டும் என்று கை கேட்டுக்கொள்ள வேண்டுமாம். உருவம் நம் மண்டையிலிருந்து வருவது பாதி, பொருள் விட்டுக்கொடுப்பது பாதியாம். “எந்தப் பொருளும் தாழ்ந்ததில்லை. பயந்த கைதான் தாழ்ந்தது” என்று முடித்தார். நான் எழுந்து நின்று கை தட்டினேன். கிர்காம் சேட்டின் காதைக் கீறியவன் இல்லையா நான்! எனக்காகவே பேசின மாதிரி இருந்தது.

அன்றைக்கு என் பக்கத்தில் நின்று கை தட்டாமல் இருந்தவன்தான் செல்லையா.

“ஏன் ஓய், பிடிக்கலையா?” என்றேன் தமிழில். தமிழ் முகம் எனக்குத் தெரியும்.

“பிடிக்கி. நல்லாத்தான் பேசுதாரு” என்றான். “சொன்னதை நெசமாத்தான் சொல்லுதாரான்னு யோசிச்சிட்டிருந்தேன்.”

திருநெல்வேலிப் பக்கம். அப்பா காலத்திலேயே தாராவிக்கு வந்த குடும்பம். தாராவியில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் செல்லையாவுக்குத் தோல்களைத் தரம் பிரிக்கிற வேலை. கையால் தடவிப் பார்த்து இது முதல் ரகம், இது கழிவு என்று ஒதுக்குவான். சாயங்காலம் ஆர்ட் ஸ்கூலில் சிற்ப வகுப்பு. இருபத்தாறு வயசு, என்னைவிட மூன்று கூட. திரும்பும்போது ஒரே ரயில். மாதுங்காவில் நான் இறங்குவதற்குள் கேட்டுவிட்டான்.

“நீரு இங்கிலீஷ் மெஷின் அடிப்பீராமே? எக்ஸிபிஷனுக்கு ஒரு ஃபாரம் அடிச்சுத் தரணும்வே.”

3

நான் பிறந்தது திண்டுக்கல். தோல் ஷாப்புகள் எங்களுக்கும் தெரியும். தெரியும் என்றால், காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும்போது ஜன்னலைச் சாத்துவது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்தத் தெருவின் பேரைச் சொல்ல மாட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போக அதுதான் குறுக்கு வழி. என் அப்பா ஜட்காக்காரனைச் சுற்றிப் போகச் சொல்வார். ஒரு தடவை ரயில் தவறிவிடும் போலிருந்தபோதுகூடச் சுற்றித்தான் போனோம். ரயில் தவறித்தான் போயிற்று. அப்பா பிளாட்பாரத்தில் நிம்மதியாக உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

ஆயிரம் மைல் தாண்டி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சயான் ஸ்டேஷனில் இறங்கி, அதே நாற்றத்தை நோக்கி நான் நடந்துபோனேன்.

வழியெல்லாம் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். முடியவில்லை. பாந்த்ரா அறுப்புக் கொட்டடியிலிருந்து வந்த பச்சைத் தோல்கள் உப்பு வழிய மடித்துக் கிடந்தன. வரிசையாகச் சுண்ணாம்புக் குழிகள். முழங்கால் வரை குழியில் நின்று ஆட்கள் தோலைப் புரட்டுகிறார்கள். மேட்டில் வழுவழுப்பான மரக்கட்டை சாய்த்து வைத்திருக்கிறது. அதன் மேல் தோலை விரித்து, இரண்டு கைப்பிடி வைத்த வளைந்த கத்தியால் முடியை வழித்துத் தள்ளுகிறார்கள். நாள் பூராவும் குனிந்த முதுகுகள். நான் ஒரு சுவர் ஓரமாகப் போய்க் காலையில் தின்ற இரண்டு இட்லியையும் கக்கினேன்.

“ஆச்சா?” என்றான் செல்லையா, கூஜாவை நீட்டி. “மொத நாளு எல்லாரும் எடுப்பாங்க. ஆர்ட் ஸ்கூல் வாத்தியாரு பாதி வழியிலயே எடுத்துட்டுத் திரும்பிட்டாரு. நீரு பரவால்ல, உள்ள வரைக்கும் வந்துட்டீரு.”

சிலையை அவன் அங்கே வைத்திருக்கவில்லை. பக்கத்தில், மாதுங்கா லேபர் கேம்பில், ஒரு சிநேகிதனின் கொட்டகையில் இருந்தது. சாக்கை விலக்கினான்.

ஒரு முதுகு. தலை இல்லை, கை இல்லை. கட்டையின் மேல் குனிந்த ஓர் ஆணின் முதுகு, இடுப்புவரை. ஆளைவிடப் பெரிது. உள்ளே மூங்கிலும் கம்பியும், வெளியே ஒரே எருமைத் தோல். சுண்ணாம்பில் ஊறி, முடி போய், பதனிடாத தோல். ஈரமாக இருக்கும்போது அதை இழுத்துக் கட்டி, உள்ளே மணலைத் திணித்து, நிழலில் விட்டிருக்கிறான். காயக் காயத் தோல் சுருங்கி இறுகுமாம். இறுகும்போது தானே மூங்கிலைக் கவ்வி, முள்ளெலும்பை மேலே தள்ளி, விலாவுக்கு நடுவில் குழி விழுத்துமாம். பிறகு மணலைக் கொட்டிவிட வேண்டியது. பழைய தந்தம் மாதிரி மங்கிய வெள்ளை. காய்ந்ததும் வாடைகூட அநேகமாகப் போயிருந்தது.

“பாதிதான் நான் செஞ்சது” என்றான். “இந்தா, தோள்பட்டைக்குக் கீழ மடிப்பு விழுந்திருக்கு பாத்தீரா? அது தோலாப் போட்டது. மூணு நாளு கட்டு அவுக்காம உக்காந்து பாத்தேன். நாலாவது நாளு காலையில, வே, அது மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு.”

சொல்லிவிடுகிறேன்: பம்பாயில் நான் பார்த்த சிற்பங்களில் சிற்பம் அது ஒன்றுதான். கண் அதைவிட்டு நகரவில்லை. கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“மழைக்காலத்தில் இளகிடாதா?”

“இளகும். வெயிலடிச்சா இறுகும். மனுசன் முதுகு வேற எப்படியாம் இருக்கும்?”

“யார் முதுகு?”

“எங்க அய்யாவோடது. முப்பது வருசமா ஷாப்புக் கட்டையிலதான். அவருட்ட சொல்லல. சிலை செஞ்சிருக்கேன், எக்ஸிபிஷனுக்கு வாங்கன்னு மட்டும் சொல்லிருக்கேன்.”

ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, “மிருதங்கம் கூடத் தோல்தானே ஓய், அதை மடியில் வெச்சுக்கறோமே” என்றேன்.

அவன் முகம் சுண்டிவிட்டது. “அதைச் சொல்லி என்னைத் தேத்தாதேயும். மிருதங்கத்துல தோலை யாரு பாக்கா? சத்தத்தைல்லா கேக்கீங்க. இதுல தோலைப் பாக்கணும். அதுக்குத்தான் செஞ்சேன். ஃபாரத்துல எருமைத் தோல்னே அடியும். அது வேணாம்னா எனக்கு எக்ஸிபிஷனே வேணாம்.”

இரண்டு வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஒன்று அடிப்பதற்கு, ஒன்று தப்பு வந்தால் மாற்றுவதற்கு.

4

நான் சாப்பிடுகிற மெஸ் மாதுங்காவில், பாலக்காட்டுக் கிச்சா மாமாவுடையது. அன்று மத்தியானம் வாசற்படி ஏறியதுமே மாமாவின் மூக்கு விடைத்தது.

“எங்கேடா போயிட்டு வரே?”

“சயான் பக்கம், மாமா.”

“சயான் இப்படி நாறாதே. தாராவிக்கா போனே? ராமா ராமா! பின்பக்கமா வந்து, தலையோட குளிச்சுட்டு, அந்த வேஷ்டியையும் நனைச்சுப் போட்டுட்டு வா. பத்துப்பேர் சாப்பிடற எடமாக்கும்.”

மாமாவின் மகள்கள் இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஹிந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வேகமாகப் பேசினால் எனக்குப் பிடிபடாது என்பதால் ஹிந்தி. பெரியவள் காலேஜில் சேரப் போகிறாள். ஊரிலிருந்து பாட்டனார் போடுகிற கடிதத்தை என்னிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்கிறாள். மாமா தினம் ஒரு தடவை இவர்களுக்குத் தமிழ் போய்விட்டதே என்று அழுகிறார். மூக்கைப் பிடிக்கிறது மட்டும் ஓர் எழுத்து விடாமல் வந்திருக்கிறது.

இதை எழுதும்போது நான் ஏதோ உயர்ந்தவன் மாதிரி தொனிக்கிறது. குளிக்கச் சொன்னதும் நான் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். அத்தனைக்கும் அந்த முதுகை நான் தொடக்கூட இல்லை.

5

எக்ஸிபிஷன் நடத்துகிற கலைச் சங்கத்தின் ஆபீஸ் என் ஆபீஸுக்கு நாலு கட்டடம் தள்ளி. செல்லையாவுக்குப் பகலில் லீவு கிடையாது. ஃபாரத்தைச் சேர்ப்பது என் பொறுப்பு. கடைசி நாள் காலை கொண்டுபோனேன். பெயர், விலாசம், தலைப்பு, அளவு, பொருள். ‘பொருள்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள்: கல், மரம், உலோகம், பிளாஸ்டர், சுட்ட மண். நான் ‘எருமைத் தோல்’ என்று இங்கிலீஷில் அடித்திருந்தேன்.

குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “சம்டா? அரே பாபு, யே ஜூத்தா சப்பல்கா எக்ஸிபிஷன் நஹி ஹை.” செருப்புக் கண்காட்சி இல்லையாம் இது. பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். குமாஸ்தா ஃபாரத்தை இரண்டு விரலால், நுனியில் பிடித்து, என் பக்கம் தள்ளினார். காகிதம் ஐயா அது! வெறும் காகிதம்! அதற்கே இரண்டு விரல்.

நான் சண்டை போட்டிருக்கலாம். ப்ரொபசர் நடுவராக வருகிறார், அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஓடிப்போய்ச் செல்லையாவைக் கேட்டிருக்கலாம். பன்னிரண்டு மணிக்கு ஃபாரம் வாங்குகிற ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், அவனைக் கேட்டால் எக்ஸிபிஷனே வேண்டாம் என்றுவிடுவான், பம்பாயின் ஒரே நல்ல சிற்பம் கொட்டகையில் எலி கடித்துக் கிடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபீஸுக்கு வந்தேன். இரண்டாவது ஃபாரத்தை மெஷினில் மாட்டினேன். பிளாஸ்டர் என்று அடித்தேன். வேலை முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே அவன் கையெழுத்து, அவன் போட்டபடி.

ஜன்னல் சாத்துமுன் அதே குமாஸ்தா ‘பொருள்’ கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அன்று சாயங்காலம் ரயிலில் செல்லையாவிடம், “ஏத்துக்கிட்டாங்க ஓய்” என்று மட்டும் சொன்னேன். அவன் என் தோளைப் பிடித்துக் குலுக்கியதில் பக்கத்தில் நின்ற குஜராத்தி அம்மாள் நகர்ந்துகொண்டாள்.

6

திறப்பு நாள் ஞாயிறு மத்தியானம். கோட்டும் பட்டுப்புடவையுமாகக் கூட்டம். செல்லையா வெள்ளைச் சட்டையில், எண்ணெய் தடவி வாரின தலையோடு நின்றான். அய்யா நாலு மணிக்கு வருவார் என்றான். ஷாப்பில் சொல்லிவிட்டுத் தனியாக, டிராம் ஏறி.

கேடலாக்கை நான் அவனுக்கு முன்னால் பார்த்துவிட்டேன். ‘முதுகு. பிளாஸ்டர்.’ சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன், ஹாலில் வேறு கேடலாக்கே இல்லாத மாதிரி!

ப்ரொபசர் கூட்டத்தோடு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். கிர்காம் மாஸ்டரின் சேட்டு முன்னால் முகத்தைச் சுளித்தார். முதுகு முன்னால் நின்றார். சுற்றி வந்தார். பிறகு உள்ளங்கை முழுவதையும் முள்ளெலும்பின் மேல் வைத்துக் கீழ்நோக்கித் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

“பாருங்கள்” என்றார் இங்கிலீஷில், எல்லாருக்கும் கேட்கும்படி. “இந்த ஊரில் முதல் தடவையாக ஒருவன் பிளாஸ்டரைப் பிளாஸ்டராக விட்டிருக்கிறான். வர்ணம் இல்லை, வேஷம் இல்லை. பொருளின் குணத்தைக் கேட்டுச் செய்திருக்கிறான். இந்த வருஷப் பரிசுக்கு எனக்கு வேறு யோசனையே இல்லை. யார் இது?”

செல்லையாவை முன்னால் தள்ளினார்கள். ப்ரொபசர் ஒரு கையால் அவன் கையைப் பிடித்தார். இன்னொரு கை இன்னும் முதுகின் மேல்தான். சும்மா இருடா, சும்மா இரு, என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

“பிளாஸ்டர் இல்லை சார்” என்றான். “எருமைத் தோல். தாராவித் தோல். கேடலாக்கில் தப்பா விழுந்திருக்கு.”

ப்ரொபசரின் கை முதுகிலிருந்து எழும்பியது. சுட்டாற்போல் வேகமாக இல்லை. அது கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். மெதுவாக, ஒவ்வொரு விரலாகப் பிரிந்து எழும்பியது. விரல்களை விரித்தபடி கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டார். செல்லையாவை விட்டுவிட்டு மற்றக் கையால் கைக்குட்டையைத் தேடினார்.

“பதனிட்டதா?”

“இல்லை சார். பச்சைத் தோல், சுண்ணாம்பு மட்டும்.”

பியூனைக் கூப்பிட்டார். தண்ணீரும் சோப்பும் எங்கே என்று தணிந்த குரலில் கேட்டார். போனார். எந்தப் பொருளும் தாழ்ந்ததில்லை என்ற மனிதர் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்த சத்தம் ஹால் வரைக்கும் கேட்டது. எத்தனை நேரம் கழுவினார் என்று எனக்குச் சரியாகத் தெரியும். நானே கழுவியிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது கூடவே சங்கத்துச் செயலாளர். கையில் ஃபாரம்.

இங்கேதான் என் சாமர்த்தியத்தின் அழகைப் பார்க்க வேண்டும். தோல் என்பதற்காக ஒதுக்குகிறோம் என்று அவர்கள் யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டி வரவில்லை. சொல்லியிருந்தால் நாலு பேர் சண்டைக்கு வந்திருப்பார்கள், ஹாலில் இளவட்டம் இருந்தது. செயலாளர் ஃபாரத்தை எல்லாரும் பார்க்கும்படி பிடித்தார். பொருள்: பிளாஸ்டர். கீழே கையெழுத்து. “பொருளைப் பற்றிப் பொய் எழுதிக் கொடுத்த படைப்பை நாங்கள் வைக்க முடியாது. விதி. வருந்துகிறோம்.” ப்ரொபசர் தலையசைத்தார். முகத்தில் எவ்வளவு நிம்மதி!

“இது உன் கையெழுத்தா?” என்றார் செயலாளர்.

செல்லையா காகிதத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் மூன்றடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நிமிஷத்துக்கு எத்தனையோ வார்த்தை அடிக்கிற நான், பையிலிருந்த கேடலாக்கை இன்னும் இறுக்கிச் சுருட்டினேன்.

“என் கையெழுத்துதான்” என்றான்.

7

இரண்டு கூலிகள் முதுகைத் தூக்கி வெளித் தாழ்வாரத்தில், மணல் வாளிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். சாக்கைப் போட்டுப் பிடித்துத் தூக்கினார்கள். நாங்கள் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

“நான்தான் அடிச்சேன்” என்றேன்.

“தெரியும்வே. எனக்கு மெஷின் அடிக்கத் தெரியாதுன்னு அந்தச் செக்ரட்டரிக்கு வேணா தெரியாது.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா? ரெண்டு மதராஸி ஒருத்தனை ஒருத்தன் கைகாட்டுதான்னு அதையும் வேடிக்கை பாப்பான்.”

“கிளார்க் எடுத்துக்கலை ஓய். கடைசி நாள். இல்லாட்டி போகாதுன்னு—”

“அதைக் கேக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லும். தோல்னு எழுதி ஆள் முன்னால நீட்ட உமக்குக் கூசிச்சா?”

பொய் சொல்ல ஏற்கெனவே ஒரு தடவை நன்றாகப் பழகியிருந்தேன். இருந்தும் முடியவில்லை.

“ஆமா.”

“மொதல்லயே சொல்லிருக்கலாம்லா. வேற ஆள்ட்ட அடிச்சிருப்பேன்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கழிவுத் தோலை ஒதுக்கி வைக்கிற குரல் அது.  

நாலு மணிக்குச் சரியாக அவன் அய்யா வந்தார். மாடசாமி என்று பேர். துவைத்து நீலம் போட்ட சட்டை, தோளில் துண்டு, வெறுங்கால். சுண்ணாம்பில் வெந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. வாசலில் காவலுக்கு நிற்கிற தர்வானைப் பார்த்துத் தயங்கினார். அவரைத் தாண்டி உள்ளே போகவே அவசியம் இல்லாமல் போயிற்று.

“எங்கடே சிலை? உள்ளயா?”

“இந்தா இங்கதான்யா” என்றான் செல்லையா. “வெளிச்சத்துக்காவ இங்க வச்சிருக்கு.”

பெரியவர் சுற்றி வந்தார். ப்ரொபசர் சுற்றியதைவிட மெதுவாக. குனிந்து விலாப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினார். முகர்ந்தார்.

“எவம்லே சுண்ணாம்பு போட்டான்? இடுப்புக்கிட்ட பத்தல. இன்னும் ரெண்டு நாளு கெடந்திருக்கணும். இந்தா, மயிர்க்கால் அப்படியே நிக்கி பாரு.”

“அவசரமா எடுத்துட்டேன்யா.”

“அவசரப்பட்டா இப்படித்தான்.” விரல் தோள்பட்டைக்குப் போய் நின்றது. “வண்டி எருமைல்லா இது. நுகத்தடி அழுத்தின தழும்பு. கெழடு. நல்லா ஒழைச்ச மாடு.” பிறகு எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “தோலைக் கெடுக்கல. நல்லா இழுத்துக் கட்டிருக்க.”

அன்றைக்கு முழுவதும், அந்தக் கட்டடம் முழுவதும், அந்தத் தோலைத் தோல் என்று தெரிந்து பார்த்துச் சொன்ன ஒரே அபிப்பிராயம் அது.

“ஆரு முதுகுன்னு தெரியுதாய்யா?”

பெரியவர் நாலடி பின்னால் போய்ப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். தன் முதுகை எந்த மனுஷன் பார்த்திருக்கிறான்?

“நம்ம ஷாப்புல ஆரோ கட்டையில நிக்கவன். ஆருன்னு புடிபடல.” மறுபடி கிட்டே வந்தார். முள்ளெலும்பின் அடியில், இடுப்புக்குச் சற்று மேலே, ஓர் இடத்தில் கையை வைத்தார். அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார். “பாவம்டே, இவனுக்கு இந்த இடம் போச்சு. ராத்திரி மல்லாக்கப் படுக்க முடியாது அவனால. வேப்பெண்ணெயை லேசாச் சுட வச்சு இந்த இடத்துல தேய்க்கச் சொல்லு.”

“சொல்லுதேன்யா” என்றான் செல்லையா.